அப்பா பாடாமல் விட்ட வரி

அன்பு மகள் ஒடெஸாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். அந்த ஓஸ்லோ குளிரில் நீயும் சௌக்கியம்தான் என்று உன் கையால் நாலு வரி எழுது, போனில் நீ சொல்வதையெல்லாம் நான் நம்புவதில்லை.

அப்பாவின் பாட்டை நீ ரெக்கார்டு பண்ணப் போவதைச் சபை முழுக்கச் சொல்லிவிட்டேன். பாஸ்டர் மனைவிக்கு ஒரே வயிற்றெரிச்சல். இரண்டாவது சரணத்தில் இதைப் பாடிய எல்லாரையும் போல ஹம்மிங்தானா, இல்லை அங்கே ஏதாவது வரி இருந்ததா என்று கேட்டிருந்தாய். இருந்தது. அப்பா அதை முதன்முதலில் ரெக்கார்டு பண்ணிய அன்று ஸ்டுடியோ மூலையில் கைக்குழந்தையான உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக அந்த இடம் வந்ததும் வீல் என்று கத்தினாய். நம் சபையில் குழந்தை அழுதால் பாடுகிறவர் நிறுத்துவதில்லையே, வார்த்தையை விட்டுவிட்டு அது அடங்கும்வரை ஹம் பண்ணுவார். உங்கப்பாவும் பழக்கதோஷத்தில் அதையே செய்தார், நீயும் அடங்கினாய். மறுபடி பாடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர், 'யோவ் எல்ரோய், இதுதான்யா பாட்டு, தொடாதே' என்று சொல்லி, வயலினைச் சேர்த்து உன் கத்தலை அமுக்கி, அதையே இசைத்தட்டாகப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நாஷ்வில்காரர் ஒருவர் பாடினார், அதே ஹம்மிங்கோடு. இங்கிலாந்துப் பையன்கள் அதைக் கிட்டாரில் வாசித்தார்கள். சோப்பு விளம்பரத்தில்கூட வந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த ஹம்மிங்கை நூறு வருஷத் துயரம் என்று எழுதினார், எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருமுறை மேடையில் அப்பாவே அந்த வரியைப் பாடப் பார்த்தார், 'அதெல்லாம் வேணாம், ஹம் பண்ணுய்யா' என்று ஒரே கூச்சல், அதோடு விட்டுவிட்டார். போன ஞாயிறு ரேடியோவில் யாரோ ஒரு பெண் பாடினாள், அவளும் ஹம்மிங்தான். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, 'நான் எழுதினதிலயே நல்ல வரி அதுதான் வெர்னெல், யார் பாடியும் கேக்காமலே போயிடுவேன் போல' என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உன் அழுகையால்தான் வரி போனது என்பதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், பிள்ளை மனசு கஷ்டப்படுமாம். சத்தியத்தைப் பற்றி நான் கர்த்தரிடம் பேசிக்கொள்கிறேன்.

வரி இதுதான்: 'ஆறு வற்றிப் போனாலும் என் பூட்ஸ் உன் வாசலில்தான் கிடக்கும்.' அப்படியே பாடு. யாராவது ஹம்மிங் கேட்டால் முடியாது என்று சொல். அன்று அவர் வாயை அடைத்தவள் நீதான், நீயே பாடு.

தொண்டையைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கர்த்தர் உன்னையும் உன் குரலையும் காப்பாராக. முதல் காப்பியை அப்பாவுக்கு அனுப்பு. அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அந்த வரியை மட்டும் உரக்கப் பாடு.

உன் அம்மா,
வெர்னெல்