மஞ்சள் கல்லருகே தென்னங்கன்று

மச்சான்,

நான் அப்போதே சொன்னேன். குழாய் உங்கள் தோப்பு வழியாகத்தான் வரும், கொச்சி கேஸ் நம் காலடியிலேயே கோயம்புத்தூருக்கு ஓடும், நம் அடுப்புக்கு மட்டும் பழைய சிலிண்டர்தான் வரும் என்று. ஏழாம் வகுப்போடு நின்ற நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நின்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். இன்று தெம்பில்லை.

கையில் இன்னும் ஈரமண் வாசனை. குழாய்த் தடத்தை, அதற்கு அடையாளமாக நட்ட மஞ்சள் கற்களை ஒட்டித் தினமும் நடந்து பார்க்கிற ஆள் காலையில் அக்காவைக் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, மஞ்சக் கல்லுகிட்டத் தென்னங்கன்னு யாரு வெச்சது? குழாய்க்கு மேல மரம் எப்பவுமே ஆகாதுங்க. இன்னைக்கே எடுத்துருங்க."

"அவரு வெச்சத நான் தொடமாட்டேன். நீயே எடு தம்பி," என்றாள் அக்கா. கடப்பாரையை எடுத்தேன்.

வெட்டுவதற்காகக் குழாய்க்காரர்கள் உங்கள் பதினெட்டு மரங்களிலும் பெயின்டில் எண் போட்ட அந்த வாரம் நினைவிருக்கிறதா? குழாய் வேண்டாம் என்று பராதி மனு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தீர்கள். கொடுப்பதற்கு முன் குழாய் எஞ்சினியரிடம் விசாரித்து வரச் சொல்லி என்னைப் பெருமாட்டிக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்து சொன்னேன்: எஞ்சினியர் எனக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கித் தந்தார், வரைபடத்தை என் மடியிலேயே விரித்தார், மூன்று வருடத்தில் மண் இறுகிவிடும், அப்புறம் தாராளமாகத் தென்னை வைக்கலாம் என்றார்.

"அவரு வாயால சொன்னாருங்களா மாப்ள?"

"எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டங்க மச்சான் சொல்லுவாரு?"

பராதியை மடித்து அடுப்பில் போட்டீர்கள். ஒரே பகலில் பதினெட்டும் விழுந்தன. பனைமரப் பருமனில் குழாயைக் கிரேன்கள் பள்ளத்தில் இறக்கியதை நீங்கள் பார்க்கவில்லை. விழுந்த மரத்திலிருந்து நெற்றுக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அவற்றில் முளைத்தது ஒன்றுதான். மூன்று வருடம் சாக்கில் வளர்த்து, சொன்ன கெடு முடிந்த அன்றே மஞ்சள் கல்லருகே நட்டீர்கள். அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

வேர் பிடித்திருந்தது மச்சான். பிடுங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வேரில் ஈரச்சாக்கைச் சுற்றும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெக்கலாம்னு அந்த எஞ்சினியரு உங்கிட்டச் சொன்னாருதான தம்பி?"

தலையாட்டினேன். இன்றைக்கும் ஆட்டினேன்.

கன்று இப்போது என் வாசலில் கிடக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்காவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நாற்காலியும் டீயும் வரைபடமும் கிடையாது. அன்று பெருமாட்டியில் எஞ்சினியரின் ஜீப்பைச் சுற்றி ஒரே கூட்டம். வெகுநேரம் வெயிலில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். வெறுங்கையோடு உங்கள் முன்னால் வந்து நிற்க மனம் வரவில்லை. அந்த மூன்று வருடக் கெடு, ஊர் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் உட்கார்ந்து நானே வைத்தது.