லுசிலாவின் தலையணையில் பட்டாம்பூச்சி

எவாரிஸ்தோ,

"செத்தவங்க வீடு திரும்புற ராத்திரி, கதவைச் சாத்தாதய்யா, மக வருவா" என்றேன் நேற்று.

"செத்தவங்க பட்டாம்பூச்சியா வர்றாங்களா? போடி பைத்தியம், குளிருது!" என்று சாத்திவிட்டாய்.

காலையில் ஒன்று உள்ளே இருந்தது. நம் லுசிலாவின் தலையணையில் உட்கார்ந்து, அவள் மூச்சுவிட்ட அதே இழுவையில் சிறகை மூடித் திறக்கிறது. விரட்டினாலும் அங்கேயே வருகிறது.

நான் ஊராரோடு மலைக்காட்டுக் காவலுக்குப் போகிறேன். பட்டாம்பூச்சிகள் குளிருக்கு வந்து அடையும் ஓயாமெல் ஊசியிலை மரங்களை வெட்ட ஆள் வந்திருக்கிறதாம். அடுப்பில் சோளக்கஞ்சி இருக்கிறது. மகளுக்கு வைத்த படையல் ரொட்டியில் கைவைக்காதே, உன்னைத் தெரியும் எனக்கு.

வேலிப் பூக்களுக்கு மருந்தடிக்காதே. பறந்து வரும் வழியெல்லாம் பட்டாம்பூச்சிகளுக்குப் பூத்தேன்தான் சாப்பாடு. ஊரே நிறுத்திவிட்டது, நீதான் பாக்கி.

பி.கு: அது இன்னும் போகவில்லை. அவள் போனதிலிருந்து அவள் பேரை நீ சொன்னதே இல்லை. இத்தனை நாள் கேட்கப் பயந்தேன், இப்போது கேட்கிறேன்: உள்ளே போய், ஒரே ஒரு தடவை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு.