ஐந்தாவது மீன்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
12 ஜனவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஃபெபி எழுதுவது. இங்கே நான் சுகம். கப்பலில் நீங்களும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இஞ்சின் ரூம் இரைச்சலில் போன் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை, மெயில் எழுது என்றீர்கள். சொன்ன நீங்களே இத்தனை நாளாக ஒரு வரி எழுதவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

தில்லிக் குளிரைப் பற்றி எழுதினால் கை விறைக்கிறது. எதிர் பிளாக்கே கண்ணுக்குத் தெரியாத பனி. ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகளுக்குக் காய்ச்சல், அதனால் மிச்சம் இருக்கிற எங்களுக்கு டபுள் டியூட்டி. மாடி வீட்டு மங்களம் மாமிதான் அவ்வப்போது ரசம் கொடுத்து என்னை உயிரோடு வைத்திருக்கிறார்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் மீன் தொட்டிக்குப் புதிதாக ஒரு டிஸ்கஸ் மீன் வாங்கியிருக்கிறேன். நீலத்தில் ஆரஞ்சுக் கோடு ஓடுகிறது, அழகென்றால் அப்படி ஒரு அழகு. கடைக்காரர், "மேடம், ஜல்தி மத் கர்னா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். நானும் அவசரப்படவில்லை. இப்போதைக்குத் தனி டப்பில், தனி ஹீட்டர் போட்டு, படுக்கையறையில் வைத்திருக்கிறேன். நோய் ஏதாவது இருந்தால் மற்றவற்றுக்கு ஒட்டிவிடக்கூடாது அல்லவா? நன்றாகத் தின்று, தெளிந்த பிறகுதான் பெரிய தொட்டி.

சாப்பிட மறக்காதீர்கள்.

உங்கள் ஃபெபி

*

டர்பன் துறைமுகத்துக்கு வெளியே, கடலில்
19 ஜனவரி 2025

அன்பு ஃபெபிக்கு,

உன் மெயிலை நாலைந்து தடவை படித்துவிட்டேன். நீ இல்லாமல் இந்தக் கப்பல் வெறும் இரும்பு. கோபிக்காதே, ஜெனரேட்டர் ஒன்று மக்கர் செய்து என் உயிரை எடுத்துவிட்டது, அதனால்தான் எழுதவில்லை.

புது மீன் வாங்கியது சந்தோஷம். ஆனால் ஃபெபி, கல்யாணமான புதிதில் அந்தத் தண்ணீரில் கை வைக்கவே நீ கூசுவாய். மீனுக்குத் தீனி போடச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு போடுவாய். தனி டப், தனி ஹீட்டர் என்றெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கடைக்காரர் விற்பதற்குத்தான் பேசுவார், இவ்வளவு சொல்ல மாட்டார். கடைக்கு யாருடன் போனாய்? அந்த டப்பை யார் தூக்கி வந்தது? மீன் வாங்கத் திடீரென்று உனக்கு ஏன் தோன்றியது?

சும்மா கேட்கிறேன். இஞ்சினில் ஒரு சத்தம் மாறினாலும் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். தொட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முழுத் தொட்டியும் தெரிய வேண்டும்.

உன் கெவின்

*

லக்ஷ்மிபாய் நகர்
2 பிப்ரவரி 2025

பிரியமான அத்தானுக்கு,

சும்மா கேட்கிறேன் என்று எழுதிவிட்டுப் போலீஸ்காரர் மாதிரி கேட்டிருக்கிறீர்கள். கடைக்குத் தனியாகத்தான் போனேன். ஆட்டோ பையாதான் டப்பை வாசல் வரை கொண்டுவந்து வைத்தார். போதுமா? எனக்கும் மூன்று நாள் காய்ச்சல் என்று மாமி உங்களுக்கு மெசேஜ் போட்டதாகச் சொன்னார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து புது மீனைப் பெரிய தொட்டியில் விட்டேன். முதலில் டப்பில் இருந்ததை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் இறங்க விட்டேன். தண்ணீர் பழகின பிறகு மெதுவாக மீனை எடுத்துத் தொட்டிக்குள் விட்டு, விளக்கை அணைத்துப் போர்வையால் மூடினேன். உள்ளே இருக்கிற பெரிய மரவேரையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்திவிட்டேன். பழைய மீன்களுக்கு 'இது என் மூலை' என்ற நினைப்பு போய்விட்டால் புதியதை அவ்வளவாக விரட்டாதாம். அந்தக் கனத்த வேரை எப்படி நகர்த்தினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்கள் வந்ததும் செய்தே காட்டுகிறேன், அசந்துபோவீர்கள்.

ஐந்தாறு நாள் பாவமாக இருந்தது அத்தான். உடம்பெல்லாம் கறுத்து, ஃபில்டர் பக்கம் ஒண்டிக்கொண்டு, புகுந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் நின்ற மாதிரி நின்றது. பெரிய பச்சை மீன் போகிற வருகிற போதெல்லாம் இடித்தது. தொட்டியின் ஒரு பக்கம் பெரியதற்குத் தீனியைக் காட்டி, மறுபக்கம் இதற்குப் போட்டேன். நேற்றுத்தான் நிறம் திரும்பி நடுவில் வந்து நீந்தியது. நான் கை தட்டிவிட்டேன்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். முழுத் தொட்டியும் தெரிகிறது.

உங்கள் ஃபெபி

*

கடலில்
9 பிப்ரவரி 2025

ஃபெபி,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் கிளம்பும்போது தொட்டியில் நாலு டிஸ்கஸ். நீ ஒன்று வாங்கினாய். ஐந்து இருக்க வேண்டும். போட்டோவில் நாலுதான் இருக்கிறது. வேருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று சொல்லாதே, அங்கே ஒளிய இடமில்லை. ஐந்தாவது மீன் எங்கே?

அந்த வேரைத் தொட்டியில் இறக்கிய அன்று என் ஃபிரெண்ட் அருள்ராஜ் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு ஆம்பிளைகளுக்கு மூச்சு வாங்கியது. நீ தனியாக நகர்த்தினேன் என்கிறாய், எப்படி என்று சொல்ல மாட்டேன் என்கிறாய். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன் என்கிறாய். அதற்கு டியூபும் திருகும் வேண்டும். நம் வீட்டில் அது கிடையாது. யார் கொண்டுவந்தது?

எனக்கு மனது கேட்கவில்லை. மங்களம் மாமிக்கு போன் போட்டேன். உன் வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆள் யாரையும் நான் பாக்கலப்பா. ஆனா வாசல்ல பெரிய ஆம்பிளை ஷூ ஒண்ணு கெடக்கு. ஃபெபி ஆத்துல இருக்கற அன்னிக்கு இருக்கு. அவ டியூட்டிக்குப் போயிட்டா இருக்கறதில்லே. யாருதுன்னு நேக்குத் தெரியாது."

இதற்குமேல் நான் என்ன நினைக்க வேண்டும்? நீயே சொல்.

கெவின்

*

லக்ஷ்மிபாய் நகர்
20 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

மாமி என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போனார். "நான் வாயத் தெறந்திருக்கவே கூடாதுடி" என்றார். நான் அவரைக் கோபிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ஐந்தாவது மீன் இல்லை. புது வருஷம் பிறந்த வாரத்தில் ஹீட்டர் பழுதாகி, உங்கள் சின்னச் சிவப்பு செத்துவிட்டது. டபுள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தேன், அடியில் சாய்ந்து கிடந்தது. அதனால்தான் புது மீன் வாங்கினேன். செத்ததை உங்களிடம் மறைத்தது என் தப்புத்தான். ஆனால் ஏன் மறைத்தேன் என்று யோசியுங்கள். போன வருஷம் ஃபில்டர் நின்றதற்கு, யார் வந்தது, யார் தொட்டது, யாரிடம் சாவி இருக்கிறது என்று ஒரு வாரம் என்னைக் குடைந்தீர்கள். இன்னொரு விசாரணைக்கு எனக்குத் தெம்பில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டீர்கள். புது நோயாளி வந்தால் தொற்று இருக்கிறதா என்று தெரிகிற வரை தனி அறையில் வைப்போம். வெளிச்சத்தைக் குறைப்போம். பக்கத்துக் கட்டில்காரர் சத்தம் போட்டால் அவரைப் பேச்சில் இழுத்து வைப்போம். தினமும் செய்கிற வேலை. டியூபும் திருகும் நோயாளிக்கு டிரிப் ஏற்றுவதற்கானவை, மருந்துக் கடையில் வாங்கினேன். கனத்த நோயாளியைக் கட்டிலில் நகர்த்த அடியில் ஒரு துணியை நுழைத்து இழுப்போம். தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, வேருக்கு அடியிலும் பழைய புடவையை நுழைத்து இழுத்தேன். வந்தது. நீங்கள் சிரிப்பீர்கள், மெச்சுவீர்கள் என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் தெரியுமா?

அந்த ஷூ உங்களுடையது. தூக்கிப் போடு என்று விட்டுப்போன பழைய கப்பல் ஷூ. டிசம்பரில் ஒருவன் சமையல் கேஸ் செக்கிங் என்று சொல்லி இரண்டு தடவை மணி அடித்தான். கதவைத் திறக்கவில்லை. தனியாக இருக்கிற நர்ஸுகள் எல்லோரும் இங்கே செய்கிறதுதான், வீட்டில் ஆம்பிளை இருக்கிற மாதிரி வாசலில் ஒரு ஷூ போட்டு வைப்போம். டியூட்டிக்குப் போகும்போது திருடு போகாமல் உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். உங்கள் ஷூ வாசலில் கிடந்தால் எனக்குத் தூக்கம் வரும் அத்தான். அந்த ஷூவைக் காட்டித்தான் நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஆத்திரம் வரவில்லை, அலுத்துப்போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பதிலாவது உங்களுக்குப் போதுமானதாக இருந்ததில்லை.

ஏப்ரலில் கப்பலிலிருந்து இறங்குகிறீர்கள். அதற்குள் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஒரு கேள்விகூட இருக்கக்கூடாது. சுகமா என்றுகூட வேண்டாம். அப்படி ஒன்று வந்தால் நானே ஏர்போர்ட்டுக்கு வந்து உங்களை அழைத்துக்கொண்டு போவேன், பழசைப் பேச மாட்டேன். இல்லையென்றால் தில்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நேரே பாளையங்கோட்டைக்கு, உங்கள் அம்மாவிடம் போய்விடுங்கள். இந்த குவார்ட்டர்ஸ் என் வேலைக்குக் கொடுத்தது. நானும் மீன்களும் இங்கே இருந்துகொள்வோம்.

ஃபெபி

*

கடலில்
3 மார்ச் 2025

என் உயிரான ஃபெபிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேபினை உள்ளே பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த ஷூவை நினைக்க நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நீ பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து மாமியிடம் வேவு பார்த்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை.

மீன் செத்தால் சாகட்டும். நீ நன்றாக இருந்தால் போதும். புடவையை நுழைத்து வேரை இழுத்ததை சீஃப் இஞ்சினியரிடம் சொன்னேன். "உன் பெண்டாட்டியை இங்கே வேலைக்கு அனுப்பு, நீ வீட்டில் இரு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வேரை நகர்த்தினேன் என்று நீ எழுதிய அன்றைக்கே உன்னை மெச்சியிருக்க வேண்டும்.

மாமிக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி தில்லிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஈஸ்டருக்கு நாம் சேர்ந்து சர்ச்சுக்குப் போவோம். இனி உன்னை ஒன்றும் குடைய மாட்டேன். இது கர்த்தர்மேல் ஆணை. நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

என்றும் உன்
கெவின்

பி.கு.: கோபித்துக்கொள்ளாதே, ஒன்றே ஒன்று. நீ எனக்கு ஒருநாளும் இவ்வளவு கோர்வையாக எழுதியதில்லை. அந்தக் கடிதத்தை எழுத உனக்கு யார் உதவியது?