கண்பட்ட குலவை

ஜனவரி 9

மாடிப்படியில் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றேன், பையில் சாவி தேடுகிற மாதிரி. மேலே என் நாத்தனார் இன்ஷிராஹ் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவி.

எல்லாம் அவள் கண்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நான் குலவை போட்டதும், எங்கள் அன்ஃபூஷி வட்டாரம் முழுக்கத் தேடினாலும் அண்ணிக்கு இருக்கிற மூச்சு யாருக்கும் கிடையாது என்றாள். கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. மறந்துவிட்டாளாம்! அன்றிலிருந்துதான் இந்த இளைப்பு. காலைச் சளியும் இருமலும் எப்போதும் உள்ளவை, அதைச் சேர்க்கக் கூடாது.

ஜனவரி 12

கண் கழியப் படிகாரம் போட்டுப் புகை காட்டினேன். இருமி இருமி உயிர் போய்த் திரும்பியது. அவ்வளவு கண் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 20

மகன் ஷெரீப் டாக்டரிடம் இழுத்துப் போனான். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார்கள். சிகரெட் உண்டா என்றார் டாக்டர். எனக்கா? என்ன வேலை என்றார். மீன் சுடும் கடை. மடவையைத் தவிட்டில் புரட்டிக் கரி நெருப்பில் வாட்டுவோம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் நாத்தனாரும்தான் என்றேன்.

"அந்தப் புகைதாம்மா. போன நுரையீரல் திரும்பாது. மூச்சோட மருந்து இழுத்தா மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

மிச்சமாம். ஷெரீப் கல்யாணம் பிப்ரவரி ஆறு. மாப்பிள்ளையின் அம்மா குலவை போடாமல் எந்தக் கல்யாணம் தொடங்கியிருக்கிறது? அதற்கு என்ன மருந்து?

ஜனவரி 21

அத்தை இன்ஷிராஹிடம் இதைச் சொல்லமாட்டேன் என்று ஷெரீபிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

ஜனவரி 30

மருந்து இழுக்கிறேன். படியேறும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதுகிறேன், டாக்டர் சொன்னபடி. கொஞ்சம் தேவலை. ஆனால் குளியலறையில் குலவை போட்டுப் பார்த்தால் — சேவல் பாதியில் செத்த மாதிரி. உட்கார்ந்து அழுதேன்.

முடியலைன்னா நான் போடறேன் அண்ணி என்று வந்து நிற்கிறாள் இன்ஷிராஹ். நான் செத்தப்புறம் போடுடி என்றேன்.

பிப்ரவரி 7

நேற்று ஷெரீப் காரிலிருந்து இறங்கியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு எடுத்தேன். வெறும் காற்று. உடனே என் தோளுக்குப் பின்னாலிருந்து இன்ஷிராஹ் எடுத்தாள். நான் நாக்கை மட்டும் ஆட்டினேன். கைக்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் குலவையும் பாதியில் அறுந்தது. பெண்வீட்டுக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள், நல்லவேளை. திரும்பினால், அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதுகிறாள். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. உடம்பு தானே கற்றுக்கொண்டிருக்கிறது. அதே அடுப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றவள்தானே. எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

"எவ்வளவு நாளாடி?"

"உங்களுக்கு முன்னாடியே அண்ணி. சொன்னா சிரிப்பீங்க."

சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 11

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் இன்ஷிராஹ், கடையைப் பூட்டிவிட்டேனாம். திட்டுவதற்கு மட்டும் மூச்சு முட்டாது அவளுக்கு. இப்போது உள்ளே குழாயில் ஊதுகிறாள். இன்னும், இன்னும் என்று டாக்டர் கெஞ்சுவது கேட்கிறது.

"விடாதடி மூதேவி, ஊது" என்று கதவுக்கு வெளியிலிருந்து கத்தினேன். நர்ஸ் முறைக்கிறாள். முறைக்கட்டும்.