லாஞ்சருக்குள் நீ ஒளித்து வைத்த ரிப்போர்ட்

என் தேனு அக்கா,

உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நீ போய் நாற்பது நாள் கழித்துத்தான் அதற்கான காரணமே எனக்குத் தெரிந்தது.

காலேஜ் சேரப்போகிற உன் மகள் நிலா, உன் போனைத் தனக்குக் கேட்டாள். "ரொம்ப ஹேங் ஆகுது மாமா, சரி பண்ணிக் குடுங்க" என்றாள். உங்கள் ஹெப்பகோடி வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மெமரி முழுக்க நிரம்பியிருந்தது. ஆனால் வெளியே பத்து ஆப்கூட இல்லை. பிறகு எதுதான் அடைத்துக்கொண்டிருந்தது?

போனைத் திறந்ததும் தெரியும் முகப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றித் தருகிற லாஞ்சரை உனக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதைச் சோதித்துப் பார்ப்பதுதானே ஆபீசில் என் வேலை! பத்தாவது பரீட்சை நேரத்தில் நிலா கேம் ஆடுகிறாள் என்று நீ புலம்பியதால், ஆப்பை ஒளித்து வைக்கக் கற்றுக் கொடுத்தேன். 'ட' போலக் கோடு இழுத்தால் திறக்கும்படி சும்மா ஒரு பூட்டும் போட்டேன். நிலா போனைக் கொடுத்த அன்று அதை இழுத்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. நீ அதை மாற்றவே இல்லை.

உள்ளே ஆஸ்பத்திரி ஆப் இருந்தது. ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட்டுகள். எங்களிடம் "திடீர்னு வந்துடுச்சு" என்றாயே, அதற்குப் பதினோரு மாதம் முன்பே மார்பில் கட்டி என்று எழுதியிருக்கிறது. ஆபரேஷனுக்கு மூன்று தடவை தேதி வாங்கி, மூன்றையும் நீயே ரத்து செய்திருக்கிறாய். அதில் ஒன்று, ஈஜிபுராவில் நான் குடிபோன வீட்டில் பால் காய்ச்சிய நாள். அன்று என் பாத்திரங்களை அடுக்கும்போது இடது கையைத் தூக்க முடியாமல் இறக்கிக்கொண்டாய். "என்னக்கா?" என்றேன். "கம்பெனி லைன்ல நின்னு வேலை பாத்து வலிடா" என்றாய். நம்பிவிட்டேனே!

உன் போன் மெதுவாகிவிட்டது, உள்ளே இருக்கிற ப்ராசசர் சிப் பழசு, புதுசு வாங்கலாம் என்று நான் சொன்னபோது சிரித்தாய். "தினம் ஆயிரம் ப்ராசசரை லென்ஸ் வெச்சுப் பாக்கறேன். எங்கிட்டயே ப்ராசசர் கதையா?" சரி, போனையாவது கொடு, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றால் கொடுக்கவில்லை. போன் கம்பெனியில் மயிரிழை தள்ளி உட்கார்ந்த சிப்பைக்கூட நீ விட மாட்டாய் என்பார்கள். உன் உடம்பை மட்டும் ஏன் அக்கா அப்படி விட்டாய்?

உன்னோடு வேலை செய்த மஞ்சுளா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தாளாம். அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

"கூகாட்பேடி அண்ணா, கத்தாதீங்க" என்றாள், கன்னடமும் தமிழும் கலந்து. "யாருக்கும் சொல்லாதேன்னு நிலா மேல சத்தியம் வாங்கிட்டா. முன்னாடி எங்க கம்பெனில ஒருத்தி ஆபரேஷன்னு லீவு போட்டா. திரும்பி வந்தப்ப கேட்லயே நிறுத்திட்டாங்க. அதைப் பாத்துதான் அக்கா பயந்தா. நான் ஏனு மாடோது, என்ன பண்றது, சொல்லுங்க?"

ஒரு பெண்ணின் நோயைக் குற்றமாக்கி அவளை வாசலில் நிறுத்திய அந்தக் கம்பெனி மேல் வயிறு எரிகிறது. அதைவிட உன் மேல் எரிகிறது. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல நான் இருந்தேனே? என்னிடம் சொல்லக் கூடாதா? அவ்வளவு பெரிய தொல்லையாகவா நான் உனக்கு இருந்தேன்?

மச்சானிடம் போனைக் காட்டினேன். தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். உனக்காவது அவர் அழுவதைப் பார்க்கிற வேதனை இல்லை.

நிலாவும் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "எனக்கும் வருமா மாமா?"

'சீ, அதெல்லாம் வராது' என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நீயாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய். விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலடா. டாக்டரையே கேப்போம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அழவில்லை.

வியாழக்கிழமை அவளையும் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அம்மா "எனக்கு எதுக்குடா" என்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டாவது போவேன். டாக்டர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், அன்றைக்கே எல்லோரையும் உட்கார வைத்து அப்படியே சொல்லிவிடுவேன். நிலா அழுதால் நானும் கூடவே உட்கார்ந்து அழுவேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன் அக்கா.

கோபம் தீராமல்,
உன் கூடப்பிறந்த தம்பி
சரவணன்