பெருங்காய டப்பாவும் த்ரீ பேஸ் கரண்டும்

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம், மாடும் கன்றும் நல்லபடியாக இருக்கின்றன, உன் அப்பாவின் வீம்பு எங்கள் எல்லாரையும் விட நல்லபடியாக இருக்கிறது. ஷில்லாங்கில் மழையும் குளிருமாக இருக்கும், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி போட்டுக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து அப்படி இரு. போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடுதாசி எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் உன்னோடு பேச உட்கார்ந்தால் உன் அப்பா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறார், மனசு விட்டு அவரைத் திட்ட முடியவில்லை. எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது, கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, கண்ணாடியை நான் அரிசிப் பானையில் போட்டுவிட்டேன்.

மாங்காய் சீசனில் நீ பெங்களூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கிடார் சொல்லிக்கொடுக்க அவ்வளவு தூரம் போகிறேன் என்று நின்றபோது அவர் ஆடிய ஆட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இனிமே அந்தப் பொட்டிச் சத்தம் இந்த வூட்ல கேக்கக் கூடாது என்று அவர் கத்த, நீங்களா வாயத் தொறந்து கூப்புடற வரைக்கும் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று நீ பையைத் தூக்க, இரண்டு பேரும் ஒரே மூக்கை ஒரே மாதிரி விடைத்துக்கொண்டு நின்றீர்கள். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று நானும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தேன். ஆனால் நீ விட்டுப்போன பழைய கிடாரையும் ஆம்ப்ளிபயரையும் ஒருநாள் தூசி தட்டலாம் என்று எடுத்தால், ஆம்ப்ளிபயருக்குள் எலி குட்டி போட்டுக் குடும்பம் நடத்தியிருக்கிறது, வயர் ஒன்று மிச்சமில்லை. நாளைக்கு நீ வந்தால் வாசிக்க ஒரு பெட்டி வேண்டாமா, நாமே செய்தால் என்ன என்று அன்றைக்குத்தான் பிடித்தது இந்தப் பைத்தியம்.

யூடியூபில் ஒரு பையன் இந்தியில் சொல்லித் தருகிறான், அவன் பேச்சு எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹபீப் பாய் கடை இருக்கிறதே, ரேடியோ சாமான் விற்பாரே, அங்கே போய், சத்தத்தைப் பெரிதாக்குகிற அந்தக் குட்டிச் சில்லு, ஆம்ப்ளிபயர் ஐசி கொடுங்க என்றேன். யாருக்கும்மா, தம்பிக்கா என்றார். எனக்குத்தாங்க பாய் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பார்த்தும்மா, சால்டரிங் அயர்ன் அடுப்பு மாதிரி இல்ல, கை போயிடும் என்று அறிவுரை சொன்னார். முப்பது வருசமாக உன் அப்பாவுக்குத் தோசை சுடுகிறவளிடம் சூட்டைப் பற்றி அறிவுரை! ஆனாலும் முதல் ஐசியைத் தலைமாற்றிப் போட்டுப் புகைய விட்டேன், அது வேறு விஷயம், அதைப் பாயிடம் சொல்லவில்லை. இரண்டாவது ஐசி பேசியது. பழைய டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரை மாங்காய்ப் பெட்டிப் பலகையில் முடுக்கி, கிடார் வயரைச் சொருகிக் கம்பியைத் தட்டினேன், டொய்ங் என்று வந்தது பார், நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டு முனியம்மாள் அக்கா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் உன்னைப் பெற்றபோதுகூட எனக்கு வரவில்லை, அப்போது வலிதான் வந்தது.

ஆனால் சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது. கிடாரிலிருந்து வருவதைக் கொஞ்சம் தட்டி எழுப்பி அனுப்ப ப்ரீஆம்ப் என்று இன்னொரு குட்டிப் போர்டு வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதையும் செய்தேன். உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். சத்தம் பெரிதானது, கூடவே கொர்ர் என்று ஒரு இரைச்சலும் பெரிதானது. பாய் கடையில் கேட்டேன், போர்டைத் தகர டப்பாவுக்குள் வைத்தால் இரைச்சல் அடங்கும் என்றார்கள், பெருங்காய டப்பாவைக் காலி பண்ணி அதற்குள் வைத்தேன், கொஞ்சம் அடங்கியது, வீடு முழுக்கப் பெருங்காயம் மணத்தது. எர்த் சரியில்லை என்றார்கள், எர்த் குழியில் உப்பும் தண்ணீரும் ஊற்றினேன், உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்னாடி, கொழம்பு வெக்கறியா என்று கேட்டார். எதற்கும் அந்தக் கொர்ர் போகவில்லை. கடைசியில்தான் கவனித்தேன், அது எல்லா நேரமும் வருவதில்லை, த்ரீ பேஸ் கரண்ட் வந்து நம் கிணற்று மோட்டார் ஓடும்போது மட்டும்தான் வருகிறது. வீட்டுப் பின்சுவரில்தானே ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது, அந்த இரைச்சலைத்தான் கிடார் உறிஞ்சிக்கொண்டு கக்குகிறது. சோதித்துப் பார்க்க ஒரு பத்து நிமிசம் மோட்டாரை நிறுத்துங்க என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஈபிக்காரன் த்ரீ பேஸ் குடுக்கறதே கொஞ்ச நேரம், உன் டப்பாவுக்கோசரம் நான் மோட்டார நிறுத்தோணுமா, ஊரே சிரிக்கும்டி என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கரண்ட் இருக்கும்போது மோட்டாரை நிறுத்துகிற விவசாயி இந்த ஜில்லாவில் கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு மாலையும் கழுத்துமாக மோட்டார் போடப் போனவர் அவர், நான் மேடையில் தனியாக உட்கார்ந்து மொய் வாங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், நிதானமாகப் படி. போன வெள்ளிக்கிழமை நான் சாமந்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். வெயில் என்றால் உன் ஊர் வெயில் இல்லை, செடி எல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. பாதிப் பாத்திதான் நனைந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் சத்தமும் இல்லை. ஐயையோ, மோட்டார் காயில் எரிஞ்சு போயிடுச்சு, இனி அதற்கு வேறு அலைய வேண்டும் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் வந்தால் உள்ளே இருந்து டொய்ங் என்று கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், உன் அப்பா கிடாரை முறத்தைப் பிடிக்கிற மாதிரி மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு, ஒரு கம்பியைத் தட்டுகிறார், குனிந்து ஸ்பீக்கரில் காதை வைக்கிறார், மறுபடி தட்டுகிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையும் வந்துவிட்டது, இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கை உறிஞ்ச, அது அவருக்குக் கேட்டுவிட்டது. திருட்டு முழி முழித்தார். பிறகு என்னவோ எல்லாம் தெரிந்த மாதிரி, மோட்டார் ஓடுனா உள்ள கொர்ருங்குது, அதான் நிறுத்துனேன் என்றார். நான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பொட்டி நல்லாத்தான் பண்ணிருக்கற, கம்பிதான் எல்லாம் தளந்து கெடக்குது, எனக்கு முறுக்கத் தெரியாது, அந்துடும், அவள வந்து முறுக்கிக் குடுக்கச் சொல்லு என்றார். நீங்களே சொல்றதுங்க என்றேன். கிடாரை வைத்துவிட்டு மோட்டார் போடப் போனார். அதற்குள் கரண்ட் போயிருந்தது. சாமந்தி நாளைக்குக் குடிச்சுக்கும் என்று மட்டும் சொன்னார்.

அப்பா வாய் திறந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்றாய். திறந்துவிட்டார் கவி, நான் சாட்சி. அவர் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்த்தால் நீயும் கிழவியாகிவிடுவாய், நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன். நீ செய்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விடச் சொல்ல மாட்டேன், அவரும் இனிக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன், கேட்டால் பெருங்காய டப்பாவால் அடிக்கிறேன். லீவு போட்டுவிட்டு வா. மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் அவரே வண்டி எடுத்துக்கொண்டு வருவார். வரும்போது புதுக் கம்பி ஒரு செட் வாங்கி வா, இங்கே ஹபீப் பாயிடம் கேட்டால் துணி காயப்போடுகிற கொடிக்கம்பி தருகிறார்.

சாமி புண்ணியத்தில் உன் கையும் விரலும் குரலும் நன்றாக இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும், குளிரில் தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு திரியாதே. மறக்காமல் ஒன்று செய், வருகிற தேதியை எனக்குச் சொல்லாதே, அவருக்குப் போன் போட்டுச் சொல். மத்தியானம் த்ரீ பேஸ் நேரத்தில் மட்டும் போடாதே, மோட்டார்கிட்டே நிற்பார், யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். இல்லை, அந்த நேரத்திலேயே போடு. எடுப்பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா,
தீ. பானுமதி