நடுப் பெடல்

கவென்ட்ரி, இங்கிலாந்து
4-8-1957

சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மிக்கு,

சந்தானம் ஆசீர்வாதம். நான் நலம். நீ நலமா என்பதை மன்னி எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறு மாதப் பயிற்சி என்று வந்தவனுக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது புதுக் கார்களை ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். நீ பார்த்தால் அசந்துபோவாய். சாவியைத் திருப்பினால் எஞ்சின் பேசுகிறது. மழைக்கு ஒரு குமிழை இழுத்தால் வைப்பர் தானே துடைக்கிறது. திரும்பும்போது கையை நீட்ட வேண்டாம், மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்து, திருப்பம் முடிந்ததும் தானே அணைந்துவிடும். ப்ரேக்கை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் நாலு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கிறது. குளிருக்கு உள்ளேயே வெந்நீர்க் கணப்பு. இதையெல்லாம் யோசித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். பம்பாயில் ஒரு மோட்டார் கம்பெனி என்னைத் தலைமை இன்ஜினீயராகக் கூப்பிடுகிறது. வீடும் தருகிறார்கள். வருஷக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உனக்கு அங்கே ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? சம்மதமானால் இனி ஒன்றாக இருக்கலாம். உன் அந்த முப்பத்தோராம் வருஷத்து டப்பாக் காரை மட்டும் விற்றுவிட்டு வா.

இப்படிக்கு,
சந்தானம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
19-8-1957

என் அன்புக்குரியவருக்கு,

ஜெயலக்ஷ்மியின் நமஸ்காரம். கணப்பைப் பற்றி நாலு வரி எழுதியவர், என் பிரசவ ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது என்று அரை வரி கேட்கவில்லை. போகட்டும். ஆறு படுக்கை பத்தாகியிருக்கிறது.

அணைந்துகொள்ளும் விளக்கை மூன்று முறை படித்தேன். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் டப்பா என்றீர்களே, அதைப் பற்றியும் கேளுங்கள்.

போன வியாழன் மத்தியானம் அத்திபெலேயிலிருந்து பாஞ்சாலி என்ற பெண்ணின் புருஷன் லாரி ஏறி ஓடிவந்தான். குழந்தை கால் முதலில் வருகிறதாம். ஆயா சின்னத்தாயியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் கண் தெரியாத மழை. இடது கையால் வைப்பரை ஆட்டி ஆட்டி அலுத்து, முன் கண்ணாடியையே மேலே தூக்கிவிட்டு, மழையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டினேன். சந்தாபுரம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. ப்ளக்தான் நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்து, ஸ்டியரிங்கில் தீப்பொறி நேரத்தை மாற்றும் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வண்டி முகப்பில் இருக்கும் கைப்பிடியைக் கட்டைவிரலை மடக்காமல் பிடித்து ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது. "சொன்ன பேச்சு கேக்கற வண்டி டாக்டரம்மா இது" என்று சின்னத்தாயி அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள். போய்ச் சேர்ந்து கால் மணியில் பெண் குழந்தை. தாயும் நலம்.

உங்கள் சாவியைத் திருப்பி ஒன்றும் நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

பம்பாய்க்கு நான் வரமாட்டேன். வண்டிக்காக இல்லை, இந்தப் பெண்களுக்காக. நீங்கள் இங்கே வந்தால் இது உங்கள் வீடு. வராவிட்டால் அதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். மூன்று வருஷமாக வாசலைப் பார்ப்பது எனக்கும் அலுத்துவிட்டது.

ஜெயலக்ஷ்மி

கவென்ட்ரி
5-9-1957

ஜெயலக்ஷ்மிக்கு,

சாவி வேலை செய்யாவிட்டால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடியைப் பின்பெட்டியில் வைத்தேதான் அனுப்புகிறோம். உன் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

நீ மழையில் ஓட்டியதை நினைத்துப் பெருமைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டி என்றாலே எனக்கு நினைவு வருவது வேறு. நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் அதை ஷெட்டில் விடப் பார்த்தேன். உலகத்தில் எல்லா வண்டிக்கும் ப்ரேக் நடுவில், ஆக்ஸிலேட்டர் வலது பக்கம். உன் வண்டிக்கு மட்டும் ஆக்ஸிலேட்டர் நடுவில், ப்ரேக் வலக்கோடி. நிறுத்துவதாக நினைத்து நடுப் பெடலை மிதித்தேன். காம்பவுண்டுச் சுவரில் போய் மோதினேன். நீ சிரித்தாய். சின்னத்தாயி சிரித்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்ஜினீயர் சாருக்கு நிறுத்தத் தெரியாது" என்று நீ வேறு சொன்னாய். ஒரு வாரம் அதையே சொன்னாய். ஆறு மாதம் மூன்று வருஷமானது ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

டிசம்பரில் முடிவு சொல்கிறேன்.

சந்தானம்

மல்லேஸ்வரம்
2-11-1957

என் அன்புக்குரியவருக்கு,

நமஸ்காரம். பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதல் மாதம் கோபம், இரண்டாம் மாதம் வெட்கம்.

டாக்டர் சேஷகிரி புதுக் கார் வாங்கியிருக்கிறார். போன சனிக்கிழமை யஷ்வந்த்பூர் வரை நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். என்ன வண்டி அது! கியர் மாற்ற இரண்டு முறை க்ளட்ச்சை மிதிக்க வேண்டாம். சத்தமே இல்லை. நீங்கள் சொன்ன விளக்கு திருப்பத்தில் தானே அணைந்தபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன். நீங்கள் எழுதியது எல்லாம் நிஜம், குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

சந்தைக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி பாதையில் குறுக்கே நின்றது. பத்து வருஷமாக என் கால் படித்த பாடம், ப்ரேக் வலக்கோடியில். மிதித்தேன். அங்கே இருந்தது ஆக்ஸிலேட்டர். கார் சீறிக்கொண்டு போய் வைக்கோலில் புதைந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை, மாட்டை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள். வண்டிக்காரர் வைக்கோலை விலக்கி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நிக்கறதுக்கா இவ்ளோ வேகமா வந்தே?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. சேஷகிரி சிரிக்கவில்லை, பாவம்.

அந்தச் சிரிப்பின் நடுவில் நின்றபோதுதான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் முட்டாள்தனம் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் கால் அறிந்ததைத்தான் செய்தது. நான் செய்ததுதான் பிசகு. என் நோயாளிகள் முன்னால் என் புருஷனைச் சிறுமைப்படுத்தினேன். மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷமும் ஒரு வைக்கோல் வண்டியும் வேண்டியிருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா" என்றாள் சின்னத்தாயி. ஆனை யார் என்று கேட்டால் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆஸ்டின் டவுன் மெக்கானிக் நோயலிடம், ஆக்ஸிலேட்டரை வலது பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். "மாத்தலாம்மா. ஆனா நடுவுல இருக்கறவரைக்கும் உங்க வண்டிய எவனும் திருட மாட்டான்" என்கிறார். நீங்கள் வருவதானால் மாற்றச் சொல்கிறேன். என் கால் புதிதாகப் படித்துக்கொள்ளும்.

ஜெயலக்ஷ்மி

கவென்ட்ரி
16-11-1957

என் அன்பு ஜெயாவுக்கு,

நோயலிடம் உடனே போய்ச் சொல், பெடலைத் தொடக்கூடாது.

செப்டம்பரில் அந்தக் கோபக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து யோசித்தேன். சுவரில் மோதியவன் நான், விற்கச் சொன்னது உன் வண்டியை. இங்கே ஒரு விவசாயியின் கொட்டகையில் அதே காலத்து வண்டி ஒன்று கோழி அடைந்து கிடந்தது. அதற்கும் ஆக்ஸிலேட்டர் நடுவில்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் வயலில் ஓட்டிப் பழகுகிறேன். வார நாளில் ஓட்டுவது நாளைய கார், ஞாயிற்றுக்கிழமை நேற்றைய கார். முதல் மாதம் வேலியை இரண்டு முறை சாய்த்தேன். இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறது.

ஓட்ட ஓட்டத்தான் அதன் அருமை தெரிகிறது, ஜெயா. புது வண்டி எல்லாவற்றையும் தானே செய்கிறது, அதை வியக்கிறேன். பழையது ஒவ்வொன்றையும் நம்மிடம் சொல்லிவிட்டுச் செய்கிறது. சூடு ஏறினால் ரேடியேட்டர் மூடியில் இருக்கும் முள் காட்டுகிறது, எஞ்சின் சிணுங்கினால் நெம்புகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். இதை வைத்துக்கொண்டு அத்திபெலேக்கு மழையில் போனாயே, உன்னை எங்கள் சோதனைப் பிரிவில் ஒருவரும் ஜெயிக்க முடியாது.

பம்பாய்க்கு வேண்டாம் என்று நேற்று எழுதிவிட்டேன். பெங்களூரில் பழைய வேலையைத் திரும்பத் தருகிறார்கள். சம்பளம் குறைவு, வீடு பக்கம். கப்பல் ஜனவரி பன்னிரண்டு பம்பாய் வரும். பதினைந்தாம் தேதி காலை அங்கே இருப்பேன்.

அன்புடன்,
சந்தானம்

மல்லேஸ்வரம்
4-1-1958

பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் என் அன்புக்குரியவருக்கு,

நமஸ்காரம். நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கையில் வண்டியை முன்பே நோயலிடம் விட்டிருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்டின் டவுனுக்கு ஓடினேன். அதற்குள் நோயல் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார். பெடல் தப்பித்தது.

நீங்கள் இடித்த சுவரை நான் இன்னும் பூசவில்லை. கொத்தனாரை இரண்டு முறை வரச்சொல்லி, இரண்டு முறையும் திருப்பி அனுப்பினேன். அது நேராகிவிட்டால் நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

பதினைந்தாம் தேதி சிட்டி ஸ்டேஷன் வாசலில் இருப்பேன். கைப்பிடியை நானே சுற்றி எஞ்சினை ஓடவிட்டு வைக்கிறேன். சின்னத்தாயியும் வருகிறாளாம், சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். எனக்கு அப்படிச் சத்தியம் செய்யத் தைரியமில்லை.

வண்டியில் ஏறும்போது என்னை வலது பக்கம் தேடாதீர்கள். நான் இடது பக்க ஸீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்
ஜெயா